தங்க நிறக் கயிறு

அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் பட்டமளிப்பு நடக்கும். அங்கியும் சதுரத் தொப்பியும் எல்லாருக்கும் உண்டு. சிலர் கழுத்தில் மட்டும் தங்க நிறக் கயிறு தொங்கும். அவர்கள் சிறந்த மாணவர்கள். பல கல்லூரிகளில் அவர்களுக்கென்று தனியாக ஒரு மாலை விழாவும் உண்டு. பெயர் வாசிப்பார்கள், கைதட்டுவார்கள், கேக் இருக்கும். இதில் என்ன பெரிய அறச்சிக்கல்? நல்லா படிச்சவங்களைப் பாராட்டுறாங்க, அவ்வளவுதானே?

அந்தக் கல்லூரிகள் எதற்காக உருவாயின என்று யோசித்தால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியதைத்தான் இவ்வகையில் முதல் அரசுக் கல்லூரி என்பார்கள். இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம், சேர்வதற்குக் கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது. மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள். பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு, நடுவில் பிள்ளையை டேகேரிலிருந்து கூட்டிவர வேண்டும். வாசலில் யாரையும் அளந்து பார்க்காத இடம் அது. வெளியே போகும் நாளில் மட்டும் அளவுகோலை எடுக்கிறார்கள்.

அந்த அளவுகோல் ஜிபிஏ. கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு மாலை கணக்கு சொல்லித்தருகிறேன். அங்கே வந்த ஒரு பெண்மணியின் கணக்கைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார். ஏதோ காரணத்தால் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார். முறைப்படி விலகுவதற்கான படிவம் கொடுக்கவில்லை. ஐந்து பாடம், 15 கிரெடிட், ஐந்திலும் எஃப். பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வந்து, வேறு பாடங்களில் 60 கிரெடிட்டை முழு 4.0 எடுத்து முடித்தார். 240ஐ 75ஆல் வகுத்தால் 3.2. இரண்டாண்டுக் கல்லூரிகளின் கௌரவச் சங்கமான ஃபை தீட்டா கப்பாவில் சேரப் பொதுவாகக் கேட்பது 3.5. பழைய கிரேடுகளைச் சராசரியிலிருந்து விலக்கக் கோரும் வழி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்து, விண்ணப்பம் போட வேண்டும். அவருக்குத் தெரியாது.

நம்மூரில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது புரியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் எல்லாப் பாடத்தையும் முதல் தடவையே தேறியிருக்க வேண்டும். கேம்பஸுக்கு வரும் சில கம்பெனிகளுக்கு அரியரை க்ளியர் செய்திருப்பது மட்டும் போதாது, ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ கூட இருக்கக்கூடாது. முதல் செமஸ்டரில் ஆங்கிலம் புரியாமல் தத்தளித்த பையன் எட்டாவது செமஸ்டரில் என்னவாக ஆகியிருக்கிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஜான் ரால்ஸ் 1971இல் வெளியான ‘எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்’ நூலில் இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். திறமை மட்டுமல்ல, முயற்சி செய்யும் மனமே குடும்பமும் சூழலும் தருவதுதான் என்கிறார். இதற்குக் கைமேல் ஆதாரம் கேட்டால் நியூயார்க்கைக் காட்டலாம். அந்நகரப் பல்கலைக்கழகம் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007இல் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழு நேரமாகப் படிக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் மீதி நிற்கும் தொகை, பாடப்புத்தகச் செலவு, அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஆலோசகர், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மெட்ரோ கார்டு எல்லாம் கிடைத்தன. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்துக்குள் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாணவர்கள்தான். பட்டம் வாங்குவதும் கயிறு வாங்குவதும் ஒன்றல்ல என்பது சரி. ஆனாலும் ஒரு மெட்ரோ கார்டு எங்கே முடிந்து தகுதி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட என்னால் முடியவில்லை.

அதற்காக ரால்ஸை அப்படியே ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை எட்டு மணி வகுப்புக்கு வருபவரிடம் ‘உங்கள் முயற்சியும் அதிர்ஷ்டம்தான்’ என்று சொல்லிப்பாருங்கள். அது அவரை அவமதிப்பது.

கல்லூரிகளுக்கும் இந்தக் குழப்பம் தெரியும். அதனால்தான் பரிசு விண்ணப்பங்களில் ஒரு பெட்டி இருக்கிறது: நீங்கள் கடந்துவந்த தடைகளை விவரிக்கவும். நல்லெண்ணத்தில் வைத்த பெட்டிதான். மார்க் சொல்லாததை மாணவர் சொல்லட்டுமே! ஆனால் என்ன ஆகிறதென்றால், கஷ்டத்துக்கும் ரேங்க் போட வேண்டியிருக்கிறது. ஒரு விழாவில், பரிசு வாங்கிய இளைஞன் எழுதிய கட்டுரையை மேடையில் வாசித்தார்கள். அப்பாவின் குடி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட இரவு, எல்லாம் அதில் இருந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்ததாம். எல்லாரும் எழுந்ததால் அவரும் எழுந்து கைதட்டினார்.

கணக்குத் துறைப் பரிசுக்கு அந்தப் பெண்மணியின் பெயரைப் பரிந்துரைத்தபோது இந்தப் பெட்டி வந்து நின்றது. “அந்தப் பதினாறு வருஷம் என்னுடையது. கால்குலஸ் பத்தி வேணும்னா கேளுங்க, சொல்றேன்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியை நிரப்பாமலே படிவத்தைக் கொடுத்தார்.

அவர் சொன்னதை வைத்துத்தான் இப்போது யோசிக்கிறேன். பாராட்டு என்பது ஒருவர் பட்டதற்கெல்லாம் தரும் கூலி இல்லை. அந்தக் கூலியைக் கணக்குப் போட யாராலும் முடியாது. என்னைப் பொறுத்தவரை அது சாட்சி சொல்வது. நாங்கள் பார்த்தோம், இவர் இதைச் செய்தார் என்று ஒரு இடம் தன் வாயால் சொல்வது. அவர் கால்குலஸ் போட்டதை நாங்கள் பார்த்தோம். அவர் வீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காததை அவரையே எழுதித்தரச் சொல்லி, அதை நாங்கள் பார்த்ததுபோல மேடையில் வாசிப்பது சாட்சி ஆகாது.

பெட்டியை எடுத்துவிட்டால் 3.2க்கு விளக்கம் இல்லாமல் போகும், நேர்கோட்டில் வந்தவர்களே ஜெயிப்பார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். நியாயமான பயம். ஆனால் மார்க் ஷீட்டில் கிரேடு மட்டுமா இருக்கிறது? எந்த வருடம், எந்த செமஸ்டர் என்பதும் இருக்கிறது. ஐந்து எஃப், பதினாறு வருட இடைவெளி, அதன் பிறகு ஏ மட்டுமே. குழு அந்தத் தேதிகளைப் படிக்கலாம். பழைய கிரேடுகளை விலக்குவதற்கு மாணவர் விண்ணப்பிக்கும்வரை காத்திருக்காமல் அலுவலகமே அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒரு மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், அதற்குத் தேவை ஒரு சின்ன க்வெரி.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்காமலே இவ்வளவும் செய்யலாம். என் பரிந்துரைக் கடிதத்தில் அவர் ஒரு தொகையீட்டை நான் சொல்லித்தந்த வழியை விடச் சுருக்கமாகப் போட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். இடைவெளியைப் பற்றி எழுதியது இரண்டு தேதிகள் மட்டும்.