பதில் பெறாத உழைப்பு

பெங்களூரு போன்ற நகரங்களில், மென்பொருள் பணிக்கு விண்ணப்பிப்பவரிடம் ஒரு சிறு செயலியை வீட்டிலேயே உருவாக்கி அனுப்புமாறு சில நிறுவனங்கள் கேட்கின்றன. ‘நான்கு மணி நேரம் போதும்’ என்பார்கள். தரவுத்தளம், சோதனை நிரல், விளக்கக் குறிப்பு என அது சனி, ஞாயிறு இரண்டையும் விழுங்கிவிடும். அனுப்பிய பின் ஒரு வரி பதிலும் வராமல் போவதுண்டு.

செய்துகாட்டச் சொல்வது தவறன்று. அது திறமையை அறியும் நேர்மையான வழியே. ஆனால் கேட்பவருக்குச் செலவில்லாத இடத்தில் பிறர் நேரம் மலிவாகிவிடுகிறது.

பலன் கருதாது உழைப்பது உழைப்பவரின் பெருமை. பிறரைப் பலனின்றி உழைக்க வைப்பது கேட்பவரின் சிறுமை. தியாகம் தானாக ஏற்பது, பிறர்மீது சுமத்துவதன்று.

கேட்டுப் பெற்றதை முழுமையாகப் படித்து, நிறைகுறைகளைச் சொல்வதே குறைந்தபட்ச அறம். தேர்வாளர் இருக்கையில் நாம் அமரும் நாளில் இதை நினைவில் கொள்வோம்.