சின்னத் துளைதானே

என் வயிற்றில் நான்கு துளைகள். எதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. நார்க்கட்டிகளும் ஓயாத உதிரப்போக்கும் சேர்ந்து ஹீமோகுளோபினை ஏழுக்கு இறக்கிவிட்டன. லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தவள் நான்தான். பாடம் நடத்தும்போதே சேலையின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வாழ்க்கை அலுத்துவிட்டது. கர்ப்பப்பையைக் கோயில் என்று பாடியவர்கள் யாரும் எனக்கு ஒரு நாப்கின் வாங்கித் தந்ததில்லை. அதனால் அதை இழந்ததில் வருத்தமில்லை.

உறுத்துவது வேறொன்று. பத்தாம் நாள் நாத்தனார் கேட்டாள்: "சின்னத் துளைதானே அண்ணி, இன்னுமா படுத்திருக்கீங்க?"

அம்மாவுக்கு இதே சிகிச்சையை வயிற்றைக் கிழித்துச் செய்தார்கள். ஒரு சாண் தழும்பு. மூன்று மாதம் அவள் குடம் தூக்கவில்லை, அப்பா தூக்கினார். அந்தத் தழும்புதான் அவளுடைய விடுப்பு விண்ணப்பம். என்னிடம் அது இல்லை. ஆனால் உள்ளே நடந்தது ஏறக்குறைய அதேதான். கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, இரத்தக் குழாய்களை அடைத்து, கர்ப்பப்பையை அறுத்து, யோனி வழியாக வெளியே எடுத்து, யோனியின் மேல்முனையைத் தைத்தார்கள். அந்த உள்தையல் ஆற வாரங்கள் ஆகும்.

துளை சின்னது என்பதால் நடப்பதும் சின்னது என்று எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும்? 1995இல் தில்லியில், மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபிக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதிப்பதற்குத் தந்த சம்மதம் அகற்றுவதற்கான சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்தில்லாதபோது வயதுவந்த பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதிக்க முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மயக்கத்தில் இருக்கும்போது உடலின் அளவை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். விழித்த பிறகு ஓய்வின் அளவை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமியாரின் காலடி கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அவ்வளவு வலி இருக்கவில்லை. பொய்யா என்றால், பொய்தான். வலியைக் காட்டினால்தான் ஓய்வு கிடைக்கும் வீட்டில் அது பிழைக்கும் வழி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் முனகல் அந்த விதிக்கே வலுச்சேர்த்தது. நாளை முனகத் தெரியாத ஒருத்தி எழுந்துபோய் மாவாட்டுவாள்.

துளை சுருங்கியதால் சில வாரங்கள் மிச்சமாகின. மருத்துவம் அவற்றை எனக்குத்தான் கொடுத்தது. அடுப்படி தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள நான் ஏன் விட வேண்டும்?

அடுத்த முறை நாத்தனார் அழைத்தபோது சொன்னேன்: "வலி இல்லம்மா. இருந்தாலும் இன்னும் ஒரு மாசம் படுத்துதான் இருப்பேன்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "அப்படிச் சொல்லலாமா அண்ணி?"