வெயிலுக்கு அஞ்சிப் பயணத்தை விடாதீர்கள்!

"சிங்கப்பூரா? அந்தப் புழுக்கத்தில் நம்மால் சுற்ற முடியாதப்பா!"

பிள்ளைகள் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் இப்படிச் சொல்லி மறுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சித்திரை வெயிலில் தேர்வடம் பிடித்த கைகள் உங்களுடையவை. கத்திரி வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்ற கால்கள் உங்களுடையவை. முடியாது என்று யார் சொன்னது?

எதிராளியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குச் சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ்தான். மே மாதத்தில் 40 டிகிரியைப் பார்த்த நமக்கு அது பெரிய எண்ணே இல்லை. படுத்துவது ஈரப்பதம். அது சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே அங்கே வேகநடை வேண்டாம். நிழலையும் காற்றையும் தேடி நடங்கள்.

பொழுதை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள்! அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது. அங்குள்ள தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859-இல் உருவானது, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. காலை ஐந்து மணிக்கே அதன் கதவு திறந்திருக்கும். விடியலில் போய்விடுங்கள். 1827-இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையும் காலையிலேயே தரிசித்துவிடுங்கள்.

உச்சிவேளையில் கூரைக்குக் கீழே இருங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் முன்னோர் கடல் கடந்த கதையைப் பாருங்கள். கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டிய கண்ணாடி மாளிகைக்குள் மலர்களோடு இருங்கள். தேக்கா உணவங்காடியில் நிதானமாகச் சாப்பிடுங்கள். பழைய கடைத்தெருக்களில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நடங்கள். 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலேயே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வழிசெய்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் சிராங்கூன் சாலையும் மரினா பே விளக்குகளும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

குடை பிடிக்க வெட்கமா? யார் சிரித்தால் என்ன, பிடியுங்கள்! வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அது ஒன்றே போதும். தளர்வான பருத்திச் சட்டை, மாற்றுச் சட்டை ஒன்று, கையில் தண்ணீர் பாட்டில். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், தயங்காமல் நிரப்பிக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய துணிவு ஒன்று உண்டு. கூட்டமாகப் போகும்போது, "எனக்குக் களைப்பாக இருக்கிறது, சற்று உட்காருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு! தலை சுற்றுகிறது, கால் இழுக்கிறது, குமட்டுகிறது. ஆனாலும் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்து நடக்கிறவர்கள் எத்தனை பேர்! அதை வீரம் என்று நினைக்காதீர்கள். உடம்பு எச்சரித்த அந்த நொடியே நிழலுக்குப் போங்கள். உடையைத் தளர்த்துங்கள், தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் முன் நிற்கும்போது ஒன்றை நினையுங்கள். 1850களில் அதன் சுவர்களை எழுப்பியவர்கள், கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள். இதே வெயில், இதே புழுக்கம். ஆனால் ஓய்வு கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையைக் கூச்சத்துக்குப் பலி கொடுக்காதீர்கள்!

பட்டியலில் எட்டு இடம் இருந்தால் நான்கை அடித்துவிடுங்கள். மிச்சம் நான்கையும் கண்ணாரப் பாருங்கள். உங்கள் நடையின் வேகத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை எடுங்கள், பிள்ளைகளிடம் "வருகிறேன்" என்று சொல்லுங்கள். உங்களால் முடியும்!