நிரந்தர முகவரி

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்க வந்த ஒடிசா இளைஞன், 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டான். ஆறு வருஷமாக இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். "உன் ஊரைப் போடுப்பா. இங்க பிழைக்க வந்தவன்தானே?" என்றேன். சொன்ன குரலில் ஒரு நிலச்சுவான்தார் இருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அதற்கு முந்தின வாரம் நண்பர்களிடம் அத்திரம்பாக்கத்தைப் பற்றிப் பெருமையடித்திருந்தேன். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011இல் வெளியிட்டார்கள். "அப்போதே நாம் இங்கே இருந்திருக்கிறோம்" என்றேன்.

பொய். நம் இனமான ஹோமோ சேபியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை. ஏறக்குறைய 3 லட்சம் வருஷத்தவை. அத்திரம்பாக்கத்திலோ மனித எலும்பே கிடைக்கவில்லை. கல் இருக்கிறது, கை இல்லை. அந்தக் கை நம்முடையதல்ல என்பது மட்டும் நிச்சயம். நம் மூதாதையர் வெகு பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவர்கள். பிழைக்க வந்தவர்கள்.

அப்படியானால் அந்தக் கல்லோடு நமக்கு உறவே இல்லையா? உண்டு. ஆனால் அது வாரிசு உறவல்ல. ஒரு வடிவத்தை மனசில் வைத்து, இருபுறமும் சில்லு பெயர்த்துக் கல்லை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த கவனத்தை அடையாளம் கண்டுகொள்வதே உறவு. அதற்குப் பட்டா கிடையாது. நாளெல்லாம் உலோகத்தோடு மல்லுக்கட்டும் அந்த இளைஞன், பேனா பிடிக்கும் என்னைவிடச் சீக்கிரம் அதைப் புரிந்துகொள்ளக்கூடும். பழமையை உரிமைப் பத்திரமாக்குகிறவன் கல்லைப் பார்ப்பதில்லை. அதில் தன் முகத்தைப் பார்க்கிறான்.

தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் விவசாயி 'எங்க ஊர்' என்றால் அதில் நியாயம் உண்டு. அவன் உழுததே போதும்; 15 லட்சம் வருஷத்துச் சாட்சி தேவையில்லை. நான் அந்த விவசாயியுமல்ல. வங்கியில் என் பணிப் பதிவேட்டில் நிரந்தர முகவரியாக இன்னமும் இருப்பது கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு. அதை விற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது.