‘சாரி’ என்னும் சொல்

மதுரை மாசி வீதிகளில் தோளோடு தோள் இடித்தாலும் ‘சாரி’. தவணை தவறினாலும் ‘சாரி’. ஆங்கிலம் அறியாதார் நாவிலும் இச்சொல் குடியேறிவிட்டது. இதன் பிறப்பை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

பழைய ஆங்கிலத்தில் ‘ஸார்’ என்றால் புண், வலி. அதன் வழிவந்ததே ‘சாரி’. வலியுற்ற நெஞ்சினன் என்பதே அதன் மூலப்பொருள். தமிழோ, ‘பொறுத்தருள்க’ என்கிறது. பொறுத்தல் என்பது சுமத்தல். நாம் ஏற்றிய சுமையை அவர் சுமக்கிறார் என்னும் ஒப்புதல் அதில் உண்டு. அரபியின் ‘தௌபா’வுக்குத் திரும்புதல் என்று பொருள்.

பல்லாண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மீது, கிதாபொன்றைத் திருடியதாக வகுப்பார் முன்னிலையில் பழி சுமத்தினோம். மாலையில் அந்தக் கிதாபு நம் அலமாரியிலேயே கிடந்தது. அவரைத் தனியே அழைத்து, ‘சாரி, தம்பி’ என்றோம். ‘பரவாயில்லை, ஹஜ்ரத்’ என்று தலைகுனிந்தவாறே சென்றார். தமிழில் சொல்ல நாணியே அந்த ஆங்கிலச் சொல்லின் பின் ஒளிந்தோம் என்பது இரவில்தான் விளங்கிற்று.

சிலப்பதிகாரம் கூறும் பாண்டியனும் இம்மதுரையில்தான் தீர விசாரியாது கோவலனைக் கள்வனெனக் கொல்வித்தான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, அரசவை நடுவே தன் பிழையை ஒப்பி உயிர் துறந்தான். அவன் நெஞ்சின் புண் மெய்யானது. ஆயினும் கோவலனுக்கு உயிரை மீட்டுத் தர அவனால் இயலவில்லை. நமக்கோ, மாணவரின் மானத்தை மீட்டளிக்க வழியிருந்தது.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீ’னில் தௌபாவின் நிபந்தனைகளை வகுத்துள்ளார்கள். பாவத்தை விடுதல், வருந்துதல், மீளச் செய்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றோடு, பிறர் உரிமை கலந்த பாவமாயின், அவ்வுரிமையினின்று விடுபடுதல் நான்காவது. பொருளாயின் திருப்பித் தர வேண்டும். பழியாயின் உரியவரிடம் பொறுப்பைக் கோர வேண்டும்.

பலர் முன் பறித்ததை மூலையில் வைத்துத் திருப்பித் தரலாமா? மறுநாள் அதே வகுப்பில் எழுந்து நின்று, ‘திருடியவர் இவரல்லர், தவறியவர் நாமே. பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி’ என்றோம். அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தார்.

‘சாரி’ சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அது தொடக்கமே. பறித்த உரிமை உரியவரிடம் சேரும்வரை நாம் கடனாளிகளே.