அந்நியர் உதவி அறமாகுமா?

ஆபத்தில் சிக்கியவனுக்கு உதவுதல் அறம் என்பதை மறுப்பார் இலர். ஆயின் துன்புறுவோர் ஒரு நாட்டு மக்கள், துன்புறுத்துவது அவர்களது சொந்த அரசு, உதவ வருவது வேற்று நாட்டுப் படை என்றாகும்போது வினா சிக்கலாகிவிடுகின்றது. 2011ஆம் ஆண்டிலே லிபியாவில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க உதாரணமாகும்.

1969ஆம் ஆண்டு முதல் லிபியாவை ஆண்டுவந்த கேணல் கடாபிக்கு எதிராக அவ்வாண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் பெங்காசி நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆரம்ப வாரங்களில் அந்நகரில் ஒரு பெரிய பதாகை காணப்பட்டது. வெளிநாட்டுத் தலையீடு வேண்டாம், லிபிய மக்கள் தாமாகவே இதனைச் செய்து முடிப்பர் என்பதே அதன் பொருள். அது வெறும் வீம்பன்று. இத்தாலியரை எதிர்த்துப் போராடி 1931இல் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் படத்தை ஏந்தி வீதியில் இறங்கியவர்கள் அவர்கள். அந்நியப் படை என்றால் என்னவென்று அம்மண்ணுக்கு நன்கு தெரியும்.

மார்ச் மாதத்தில் நிலைமை மாறியது. அரச படைகள் பெங்காசியை நெருங்கின. எதிர்ப்போருக்கு இரக்கம் காட்டப்படமாட்டாது என 17ஆந் திகதி கடாபி வானொலியில் அறிவித்தார். அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை 1973ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ருஷ்யா, ஜேர்மனி, பிரேசில் ஆகிய ஐந்தும் வாக்களியாது ஒதுங்கின. 19ஆந் திகதி பிரெஞ்சு விமானங்கள் நகரை நோக்கி வந்த கவச வாகனங்களைத் தாக்கின. சில நாட்களில் பெங்காசியில் பிரெஞ்சுக் கொடியும் பறந்தது.

வேண்டாமென்ற ஊரே கொடி பிடித்ததென்று நகைப்பது எளிது. பீரங்கி வாசலுக்கு வரும்போது, உதவ வருபவனின் உள்நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்க எவராலும் இயலாது. அந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று 2016இல் முடிவு செய்தது உண்மையே. ஆனால் அது ஐந்து ஆண்டுகளின் பின் இலண்டனிலிருந்து எழுதப்பட்டது.

உண்மையான சிக்கல் அதன் பின்னரே எழுந்தது. தீர்மானம் அனுமதித்தது பொதுமக்களைக் காப்பதற்கே, ஆட்சியை மாற்றுவதற்கன்று. எனினும் பெங்காசி காப்பாற்றப்பட்ட பின்னரும் நேட்டோவின் குண்டுவீச்சு ஏழு மாதங்கள் தொடர்ந்தது. ஏப்ரலில் ஆபிரிக்க ஒன்றியம் கொண்டுவந்த சமரசத் திட்டத்தைக் கிளர்ச்சியாளர் நிராகரித்தனர். கடாபி விலக வேண்டும் என்பதே அவர்கள் கூறிய காரணம். அது நியாயமான கோரிக்கைதான். ஆயினும் வானிலே வல்லரசுகள் துணைநிற்கையில் விட்டுக்கொடுத்துப் பேச யாருக்கு மனம் வரும்? உதவியானது உதவி பெறுபவனின் மனத்தையும் மாற்றிவிடுகின்றது என்பதை இவ்விடயத்தில் பலர் கவனிப்பதில்லை.

ஒக்டோபர் 20ஆந் திகதி கடாபி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 31ஆந் திகதி நேட்டோ தன் நடவடிக்கையை முடித்துக்கொண்டது. 2014இல் லிபியர்கள் மீண்டும் தமக்குள் போரிடத் தொடங்கினர். நாட்டிலே இரண்டு அரசுகள் தோன்றின. 2020 ஒக்டோபரிலேதான் போர்நிறுத்தம் கைகூடியது. பின்விளைவுகளுக்குத் திட்டமிடத் தவறியமையே தமது பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என 2016இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா கூறினார். தலையிட்டது சரியென்றே அவர் அப்போதும் கருதினார்.

இதன் விலையை வேறொரு மக்களும் கொடுத்தனர். சிரிய அரசின் அடக்குமுறையைக் கண்டிக்கும் தீர்மானமொன்று 2011 ஒக்டோபரில் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, லிபியாவில் நடந்ததை ருஷ்யப் பிரதிநிதி எடுத்துக்காட்டினார். ருஷ்யாவும் சீனாவும் வீட்டோ அதிகாரத்தால் அதனைத் தோற்கடித்தன.