உயிரை வாங்கியவன்

உங்களுக்குச் சாவு தேதி குறித்தாகிவிட்டது. ஆனால் ஒரு சலுகை... உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது மனசார சம்மதித்துச் செத்துப்போனால், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம். யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவீர்கள்?

கிரேக்கப் புராணத்தில் அட்மெட்டஸ் என்கிற ராஜாவுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. தெஸ்ஸாலி நாட்டுக்காரன். ஜூயஸ் கொடுத்த தண்டனையால் அப்போலோ பூமிக்கு வந்து அவனிடம் மாடு மேய்க்க நேர்ந்தது. வேலைக்காரனாக வந்த தெய்வத்தை ராஜா மரியாதையாக நடத்தினான். அந்த நன்றிக்கு அப்போலோ விதியிடம் பேசி வாங்கிக் கொடுத்த வரம் இது.

அட்மெட்டஸ் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தான். ஊஹூம்! வயசான அப்பா, அம்மாகூட மாட்டேன் என்றுவிட்டார்கள். சரியென்று சொன்னது ஒரே ஒருத்தி. அவன் மனைவி அல்செஸ்டிஸ். இளம் வயசு, இரண்டு குழந்தைகள்.

கிரேக்கர்களுக்கு அவள்தான் உத்தம மனைவி. பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் ஃபீட்ரஸ் என்பவர் அவளை வானளாவப் புகழ்கிறார். உயிரையே கொடுத்தாள் என்பதற்காகத்தான் தெய்வங்கள் அவளைப் பாதாளத்திலிருந்து திருப்பி அனுப்பினார்களாம். மனைவியைத் தேடி உயிரோடு பாதாளத்துக்குப் போன ஆர்ஃபியஸ் அவர் கணக்கில் கோழை!

கொடுத்தவளைப் புகழ்வது சுலபம். வாங்கிக்கொண்டவனை என்ன சொல்வது? பிளேட்டோவுக்கு முன்பே, கி.மு. 438-ல் யூரிப்பிடிஸ் அந்தக் கேள்வியை ஏதென்ஸ் நாடக மேடையில் போட்டு உடைத்துவிட்டார்.

அவருடைய நாடகத்தில், சாகப்போகிற அன்று அல்செஸ்டிஸ் குளித்து, நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு, வீட்டிலுள்ள பலிபீடங்களை எல்லாம் சுற்றி வருகிறாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. படுக்கையறைக்குள் போனதும் உடைந்துபோய் அழுகிறாள். புருஷனிடம் அவள் கேட்பது ஒன்றுதான் - குழந்தைகளுக்குச் சித்தி வரக்கூடாது.

அட்மெட்டஸ்? 'என்னை விட்டுட்டுப் போயிடாதே' என்று கதறுகிறான். யார் யாரிடம் சொல்வது பாருங்கள்! அவள் போவதே அவனுக்காகத்தானே? இனி இந்த வீட்டில் விருந்து கிடையாது, பாட்டு கிடையாது என்று சத்தியமும் செய்கிறான். அன்றைக்கே ஹெர்குலிஸ் வந்து வாசலில் நிற்க, செய்தியை மறைத்து விருந்து வைக்கிறான்.

துக்கத்துக்கு வந்த அப்பாவிடம் சண்டை வேறு. 'வயசான நீ செத்திருக்கலாமே?' என்று கேட்கிறான். கிழவர் விடுவாரா? 'உனக்கு உயிர் வெல்லம் என்றால் எனக்கு மட்டும் கசக்குமா? பிள்ளைக்காகச் சாகணும்னு எந்தச் சட்டத்தில் இருக்கு?' என்கிற ரீதியில் வெளுத்து வாங்குகிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு மனைவியைச் சம்மதிக்கவைத்தால் நீ சாகவே வேண்டாமே என்று நக்கல் வேறு!

கிழவர் சுயநலக்காரர்தான். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தியாகம் என்பது கொடுக்கிறவர் மனசுக்குள் இருக்கிறவரை தியாகம். வாங்குகிறவர் அதை எதிர்பார்க்க ஆரம்பித்த நிமிஷமே அது வசூல் ஆகிவிடுகிறது! அப்பாவிடம் அட்மெட்டஸ் கோபப்படுவது, வராத பாக்கிக்காகக் கடன்காரனிடம் கத்துகிற மாதிரிதான் இருக்கிறது.

இத்தனைக்கும் அவன் கெட்டவன் இல்லை. அதுதான் உறுத்துகிறது. விருந்தாளியை உபசரிப்பவன், மனைவியை நேசிப்பவன். ஒரு நல்ல மனுஷனே இந்தக் காரியத்தைச் செய்ய முடிகிறது. ஏன்? மறுப்பு சொல்லாமல் கொடுக்கிற ஒருத்தி வீட்டில் இருந்தால், கேட்பது தப்பு என்றே தோன்றாது. அடக்கம் முடிந்து வெறும் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. செத்தவளுக்குப் புகழாவது மிச்சம். தனக்கு? சாவுக்குப் பயந்து பெண்டாட்டியை அனுப்பியவன் என்கிற பேச்சு!

ஹெர்குலிஸ் எமனோடு மல்லுக்கட்டி அல்செஸ்டிஸை மீட்டு வருகிறான். முக்காடு போட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, 'இவளை உன் வீட்டில் வைத்துக்கொள்' என்கிறான். அட்மெட்டஸ் ஏகமாகத் தயங்குகிறான். ஆனாலும் அவள் யாரென்று தெரியும் முன்பே கையைப் பிடித்துவிடுகிறான். அப்புறம்தான் முக்காடு விலகுகிறது.

நம் சாவித்திரி எமனிடம் பேசிப் பேசியே ஜெயித்தவள். அல்செஸ்டிஸோ திரும்பி வந்தபின் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதாள தெய்வங்களின் தீட்டு கழிய வேண்டும், மூன்றாம் நாள் பேசுவாள் என்று ஹெர்குலிஸ் காரணம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஊரெல்லாம் கொண்டாட்டம் என்று அட்மெட்டஸ் உத்தரவு போடுகிறான். நாடகம் அங்கேயே முடிகிறது.

அந்த மூன்று நாளும் அவன் அவள் முகத்தை எப்படிப் பார்த்திருப்பான்?